வசந்தகாலத்து ஆறும் தாட்சண்யமில்லாத நட்பும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏப்ரல் மாதம் பிறந்து, மாதக்கணக்காக உறைந்து கிடந்த மண்ணின்மேல் வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும், நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் வேலை நிமித்தம் குடியேறி வாழும் நம் இளைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, விடியற்காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, டெலவேர் நதியின் மேற்பகுதிக்குப் படகு விடப் புறப்படுவதுண்டு. இந்தப் பிரயாணத்தை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஒரு நதியை அறிய விரும்புகிறவன் பாலத்தின்மேல் நின்று பார்த்துவிட்டுப் போனால் போதாது. அதன் மட்டத்திலே உட்கார்ந்து, அது போகும் வேகத்திலே போய், அது வளையும் இடத்திலே தானும் வளைய வேண்டும். ஆயினும், இந்த வசந்தகாலப் பிரயாணங்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாதத்து ஆற்றில் பாறையையும் சுழலையும் விட அதிக அபாயம் விளைவிப்பது, வெயிலுக்கு அடியில் வெளித்தெரியாமல் ஓடும் குளிர். அந்தக் குளிரை அறிந்த ஒருவன் கூட்டத்தில் இருந்தும், நண்பர்கள் மனம் கோணக்கூடாதே என்று வாய்மூடி இருந்துவிடுவானானால், அவனுடைய மௌனத்துக்கு மரியாதை என்று பெயர் சூட்ட நான் ஒப்பமாட்டேன்.

டெலவேர், அகலத்தினாலோ நீளத்தினாலோ பிரமிக்க வைக்கும் நதியல்ல. அதன் பெருமை வேறு. நியூயார்க் மாநிலத்தில் ஹான்காக் என்னும் சிற்றூரில் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் ஒன்றுகூடும் இடத்திலிருந்து, கடலில் கலக்கும் விரிகுடா வரையில் சுமார் 530 கிலோமீட்டர் தூரம், அதன் பிரதான பிரவாகத்துக்குக் குறுக்கே ஓர் அணைகூடக் கிடையாது. மிசிசிப்பிக்குக் கிழக்கே இத்தனை நெடுந்தூரம் தடையின்றி ஓடும் நதி வேறொன்று இல்லை. இது தானாக நேர்ந்துவிடவுமில்லை. 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து பெருவெள்ளத்தை உண்டாக்கி உயிர்ச்சேதம் விளைவித்தபின், டாக்ஸ் தீவு என்னுமிடத்தில் மாபெரும் அணையொன்று கட்டுவதற்கு 1962இல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகாரம் அளித்தது. அதற்காக நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இவ்வளவும் நடந்த பிறகு, ஜனங்களின் எதிர்ப்பு வலுத்து, 1975இல் நதிக்குரிய மாநிலங்களின் கவர்னர்களில் பெரும்பான்மையோர் அணை வேண்டாமென்று வாக்களித்ததால், அது எழாமலே போயிற்று. வீடிழந்தவர்களின் துக்கத்துக்குப் பரிகாரம் ஏதுமில்லை. ஆனால் நதி தப்பியது. 1978இல் மேற்பகுதியில் சுமார் 118 கிலோமீட்டர் நீளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. நம் நண்பர்கள் படகு விடப் போவது அந்தப் பகுதிக்குத்தான்.

அணையில்லாத நதி என்பதன் அர்த்தத்தைப் படகில் ஏறுகிறவன் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்ஸ்கில் மலைகளில் மார்ச் மாதக் கடைசி வரையில் கிடக்கும் பனி உருகுகிறது. அதனோடு வசந்தகால மழை சேர்கிறது. இரண்டும் ஒன்றாக இறங்கி வரும்போது, முந்தின நாள் கூழாங்கற்கள் தெரிய ஓடிய துறையில் மறுநாள் இடுப்பளவுக்கு மேல் பழுப்பு நீர் புரளும். இதற்குமேல் இன்னொரு காரணமும் உண்டு. பிரதான நதியில் அணை இல்லையென்றாலும், கிளைகள் இரண்டிலும் நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கிழக்குக் கிளையில் பெபாக்டன், மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில். தேக்கத்தின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் ஜலம் கோடையிலும் சில்லென்றிருப்பதால், அந்தப் பகுதியில் டிரௌட் மீன்கள் செழித்து வாழ்கின்றன. மீனுக்குச் சுகமானது மனிதனுக்குச் சுகமாக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. ஏப்ரலில் அந்த நதியின் ஜலம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருப்பது சாதாரணம்.

அப்படியானால் கோடையில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு, வசந்தகாலத்தின் பக்கம் நின்று நான் வாதாடவே விரும்புகிறேன். ஜூலை மாதத்தில் அந்த நதி ஒரு திருவிழாக் கடைத்தெருவாகிவிடுகிறது. காற்றடைத்த ரப்பர் வளையங்களில் மல்லாந்து கிடப்பவர்களின் பாட்டும் கூச்சலும் ஓயாது. தண்ணீரும் குறைந்து, படகின் அடிவயிறு கல்லில் தேய்ந்து தேய்ந்து நிற்கும். ஏப்ரலிலோ, மரங்கள் இன்னும் இலை விடாததனால், மலைச்சரிவின் எலும்பும் நரம்பும் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன. பாறை அடுக்குகளிலிருந்து சொட்டும் நீர், நிழல் விழும் பிளவுகளில் இன்னும் உறைந்து தொங்குகிறது. ஹெம்லாக் மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே, மற்ற மரங்கள் பலவும் மொட்டையாக நிற்கும் காலத்தில், ஷாட்புஷ் என்னும் சிறு மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. அது பூக்கும் சமயத்தில்தான், கடலில் வளர்ந்த ஷாட் மீன்கள் முட்டையிடுவதற்காக நதியேறி வருகின்றன; குறுக்கே அணை இல்லாததால் அவை மலையடிவாரம் வரையில் வந்து சேர முடிகிறது. தலைக்குமேல், வெண்தலைக் கழுகு சிறகசைக்காமல் ஆற்றின் போக்கிலேயே போகிறது. லாக்கவாக்ஸனுக்கு அருகில் ஒரு தொங்குபாலத்தின் கீழ் படகு நுழைகிறது. புரூக்ளின் பாலத்தை வகுத்த ஜான் ரோப்ளிங்கே, அதற்கு வெகுகாலம் முன்பு, 1840களின் இறுதியில் இதைக் கட்டினார். கட்டியது மனிதர்கள் நடப்பதற்காகவுமன்று, வண்டிகள் ஓடுவதற்காகவுமன்று. நிலக்கரிப் படகுகள் செல்லும் கால்வாயையே நதிக்குமேல் தூக்கிக்கொண்டு போவதற்காக. இதே நதியில், 1764இல் டேனியல் ஸ்கின்னர் என்பவர் மரங்களைப் பிணைத்துத் தெப்பமாக்கி ஃபிலடெல்ஃபியா வரையில் ஓட்டிச் சென்றார் என்றும், அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெப்பக்காரர்களின் பிழைப்பு இந்த வசந்தகால வெள்ளத்தை நம்பியே இருந்தது என்றும் எண்ணிப் பார்க்கும்போது, குளிரிலும் இந்த ஆற்றில் இறங்க வேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு ஏன் உண்டாகிறதென்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஆகவே, போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஒருமுறை ஏப்ரல் பிற்பாதியில், நண்பர்கள் ஆறு பேராக மூன்று கேனோ படகுகளில் நாங்கள் இறங்கினோம். காற்றில் 22 டிகிரி வெப்பம்; எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தோம். எங்களுள் மூத்தவர், தஞ்சாவூர்ப் பக்கத்தவர், பல ஆண்டுகளாக அந்த நதியில் பழகியவர், ஒரு சணல் கயிற்றின் நுனியில் கட்டிய வெப்பமானியைத் துறையிலிருந்து நீருக்குள் விட்டு, சற்றுநேரம் பொறுத்து எடுத்துப் பார்த்தார். 8 டிகிரி காட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். எங்களில் ஒரு தம்பி, தாமிரபரணிக் கரையில் பிறந்தவன், அதைக் கையில் வாங்கிப் படகின் நடுவில் போட்டுவிட்டு, "அண்ணே, இந்த வெயில்ல இதையும் மாட்டிக்கிட்டு எப்படித் துடுப்புப் போட? நான் ஆத்துல நீந்தி வளந்தவம்லா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மற்றவர்களும் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ நீந்துவேன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் கையை மணிக்கட்டு வரைக்கும் தண்ணியில வை. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே" என்றார். அவன் குனிந்து கையை வைத்தான். சற்றுநேரம் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு அவன் முகம் மாறியது. வலி விரல் நுனியிலிருந்து எலும்புக்குள் ஏறுவதை நாங்கள் அவன் கண்ணிலேயே பார்த்தோம். அவர் சொல்லுமுன்பே கையை இழுத்துக்கொண்டான். கை செக்கச் சிவந்திருந்தது. அவர் அப்போதும் உபதேசம் எதுவும் செய்யவில்லை, "போட்டுக்காதவங்க என் படகுல மட்டும் இல்லை, எந்தப் படகுலயும் ஏறக்கூடாது. கரையில சாமானைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தம்பி மறுபேச்சில்லாமல் ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டான்.

ஸ்கின்னர்ஸ் ஃபால்ஸ் என்னும் பாறைப்படிவான பாய்ச்சலை நாங்கள் முறைப்படியே கடந்தோம். முதலில் கரையேறி நின்று நீரின் போக்கைப் பார்த்தோம். கூர்முனை கீழ்நோக்கியிருக்கும்படி நீர் நாமம் தீட்டினால் அது வழி என்றும், கூர்முனை மேல்நோக்கியிருந்தால் அடியிலே கல் என்றும் மூத்தவர் காட்டிக் கொடுத்தார். முன்னால் இருப்பவன் கல்லைப் பார்த்துச் சொல்ல, பின்னால் இருப்பவன் துடுப்பின் கடைசி வீச்சைச் சற்று வெளிப்புறம் திருப்பி முனையைத் திருத்த, ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நேர்ந்தது, அதற்கு வெகுதூரம் கீழே, ஆறு அகன்று அடங்கி, பேசிக்கொண்டே போகத் தோன்றும் இடத்தில். நடுப்படகு கரையோரமாக ஒதுங்கிப் போகையில், சாய்ந்து நின்ற ஒரு சிகமோர் மரத்தின் கிளை முகத்துக்கு நேரே வந்தது. முன்னால் இருந்தவர் குனிவதற்குப் பதிலாக அதைக் கையால் பற்றிக்கொண்டார். மனிதனின் கை கிளையோடு நின்றது. படகு ஆற்றோடு போயிற்று. அடுத்த க்ஷணம் படகு கவிழ்ந்து இருவரும் நீருக்குள் இருந்தார்கள்.

பின்னால் இருந்தவர் கரைக்கு அருகில் விழுந்ததால், வேரைப் பிடித்து உடனே ஏறிவிட்டார். கிளையைப் பற்றியவரை ஆறு உள்ளே இழுத்தது. அவர் தலை மேலே வந்தபோது வாய் அகலத் திறந்திருந்தது. ஆனால் சப்தம் வரவில்லை. நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டோம்; கண்கள் எங்களைப் பார்த்தன, பதில் இல்லை. மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது, வெளியே விட முடியவில்லை. மூத்தவர் படகைத் திருப்பிக்கொண்டே, "நீந்தாதீங்க, மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினார். அந்த நேரம் முழுவதும் அவருடைய முகத்தை நீருக்கு மேலே தாங்கி நின்றது, அந்த ஜாக்கெட் ஒன்றுதான். கரை சேர்த்தபின், ஈர உடையைக் கழற்றுவதற்காக ஜாக்கெட்டின் கொக்கியை அவர் தாமே அழுத்திப் பார்த்தார். விரல்கள் மரக்கட்டைபோல் நின்றன. கொக்கி எங்கே இருக்கிறதென்றே அவற்றுக்குத் தெரியவில்லை. தாமிரபரணித் தம்பிதான் முழங்காலிட்டு அமர்ந்து, அதை விடுவித்து, நீர்புகாத பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டான். அவர் ஜலத்தில் இருந்தது சில நிமிஷங்களுக்கு மேல் இராது.

அந்தச் சில நிமிஷங்களில் சரீரத்துக்கு என்ன நேர்கிறதென்பதை விஞ்ஞானிகள் வெகு தெளிவாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், உறைபனி நீரில் தாமே இறங்கிச் சோதனை செய்து பார்த்தவர். அவர் பிரபலப்படுத்திய கணக்கை ஆற்றில் இறங்கும் ஒவ்வொருவனும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு நிமிஷம், 10 நிமிஷம், ஒரு மணி நேரம். முதல் ஒரு நிமிஷத்தில், தோலின்மேல் குளிர் திடீரென்று அறைவதால் சுவாசம் நம் வசத்தில் இருப்பதில்லை. விருப்பமின்றியே பெருமூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தச் சமயத்தில் முகம் நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். அதன்பின் சுமார் 10 நிமிஷம் கைகால்கள் பயன்படும்படி அசையும். பிறகு தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து, நீந்தவும் கயிற்றைப் பிடிக்கவும் இயலாமற் போகும். உடலின் உட்சூடு குறைந்து பிரக்ஞை தப்புவதற்கோ ஒரு மணி நேரம் வரை ஆகிறது. நம்மில் பலர் அஞ்சுவது இந்தக் கடைசிக் கட்டத்தை. குளிர்ந்த நீரில் விழுந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் உயிரை விடுவதோ, அதற்கு வெகு முன்பே, மூச்சுத் திணறும் நிமிஷத்திலும் கைகால் ஓயும் நிமிஷங்களிலும். உறைந்து சாவதில்லை, மூழ்கிச் சாகிறார்கள். காற்றைவிட ஜலம் சரீரத்திலிருந்து ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறதென்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், கரையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது எவ்வளவு அர்த்தமற்ற சாட்சி என்பது புலப்படும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு விசேஷ எச்சரிக்கை தேவைப்படுகிறது. கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்களும், காவிரியிலும் தாமிரபரணியிலும் வைகையிலும் வெள்ளம் பார்த்து வளர்ந்தவர்களும் தண்ணீருக்குப் பயப்படாதவர்கள். அது நல்ல குணம். நீரின் வேகத்தை நாம் அறிவோம். ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்ததும் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுகிறதென்ற செய்தியை நம் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வாசித்தே இருக்கிறோம். ஆனால் நம் ஆறுகள் எதுவும் நமக்குக் குளிரைக் கற்பிக்கவில்லை. மார்கழி மாதத்து விடியலில் குளத்தில் மூழ்கி எழுந்தவனுக்குப் பல் கிட்டியிருக்கும். மூச்சு தன் வசமிழந்திராது. ஆதலால், ஊரில் நெடுந்தூரம் நீந்தியவனின் தன்னம்பிக்கை டெலவேரில் அவனுக்கே விரோதமாக முடிகிறது: கரையைக் கண்டதும் நீந்தப் பார்க்கிறான், திணறும் முதல் நிமிஷத்தில் நீந்த முயல்வதே மூழ்குவதற்கு வழி. அந்த ஒரு நிமிஷத்தில் செய்யத்தக்கது மிதப்பது மட்டுமே. நீச்சல் தெரிந்தவனையும் தெரியாதவனையும் அப்போது ஒரே மாதிரி தாங்குவது ஜாக்கெட்டுதான்.

அங்கே படகுக்காரர்கள் சிலரிடம் வழங்கும் ஒரு கணக்கையும் நான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. காற்றின் வெப்பத்தையும் நீரின் வெப்பத்தையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டிப் பார்த்து, தொகை 120க்கு மேற்பட்டால் விசேஷ உடை வேண்டியதில்லை என்பார்கள். எளிமையான கணக்கு; எளிமையினாலேயே பரவியிருக்கிறது. காற்று 75, நீர் 46 என்று வைத்துக்கொள்வோம், தொகை 121 வருகிறது, கணக்குப்படி கவலையில்லை. 46 என்பது எங்கள் நண்பர் விழுந்தாரே, அதே 8 டிகிரி செல்சியஸ். காற்று எத்தனை இதமாக இருந்தாலும், நீருக்குள் விழுந்தவனுக்கு அந்த இதத்தில் அணுவளவும் பங்கு கிடையாது. இரண்டையும் கூட்டுவதால், ஒன்றின் சௌகரியம் மற்றொன்றின் அபாயத்தை மறைத்துவிடுகிறது. உடை உடுத்த வேண்டியது விழக்கூடிய நீருக்காக. உட்கார்ந்திருக்கும் வெயிலுக்காக அல்ல. பருத்திச் சட்டை நனைந்தால் சூட்டைக் காக்காது. கம்பளியும், உடலோடு ஒட்டிய வெட் சூட்டும், இன்னும் குளிர்ந்த நாட்களில் நீர் புகாத டிரை சூட்டுமே அந்தப் பருவத்துக்குத் தகுந்தவை. வாடகைக் கடைகளில் அவை கிடைக்கவில்லையென்றால், கிடைக்கும் இடம் தேடிப் போவது அதிகச் சிரமமல்ல.

இனி, சட்டத்தைப் பற்றி. நதியின் ஒரு கரை பென்சில்வேனியா. அங்கே 2012 முதல், நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஏப்ரல் 30 வரையில் கேனோ படகிலும் கயாக்கிலும் செல்பவர் யாராயினும் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது. மறுகரை நியூயார்க், அங்கே நவம்பர் 1 முதல் மே 1 வரையில் சிறு படகுகளுக்கு அதே விதி. இவற்றோடு, மேல் டெலவேர்ப் பகுதியைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா இலாகா, பாரிவில் என்னுமிடத்து அளவுகோலில் நதியின் மட்டம் 6 அடியை எட்டினால், எந்த மாதமானாலும் எல்லோரும் அணிய வேண்டுமென்று விதித்திருக்கிறது. இந்த விதிகளை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். அமெரிக்கக் கரைக்காவல் படையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 636 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் நூற்றுக்கு 75 மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஜாக்கெட் அணியாதவர்கள். இதற்கு மேல் வாதம் வேண்டுவதில்லை.

ஆனால் விதி தேதியோடு முடிகிறது. குளிர் தேதியைப் பார்ப்பதில்லை. மே மாதம் 2ஆம் தேதி காலையில் நதிக்கு வருகிறவனுக்கு, மட்டம் 6 அடியை எட்டாதவரை, சட்டத்தின் கட்டாயம் ஒன்றுமில்லை. முந்தின வாரத்து ஜலத்துக்கும் அன்றைய ஜலத்துக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. வித்தியாசமெல்லாம் வெயிலில்தான், அதுவும் ஜாக்கெட்டைக் கழற்றத் தூண்டும் பக்கமாக. அண்டை மாநிலமான கனெக்டிகட்டில் இதே விதி மே 31 வரையில் நீள்கிறது. மாசசூசெட்சில் மே 15 வரையில். ஆழ்நீர் திறந்துவிடப்படும் கிளைகளையும் மலைப்பனியையும் கொண்ட டெலவேருக்கு, கனெக்டிகட்டின் எல்லையே குறைந்தபட்சம் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் மே மாத முடிவு வரையில் விதியை நீட்ட வேண்டும்.

வயது வந்த மனிதனின் உயிர் அவனுடையது, அதைக் காப்பதும் விடுவதும் அவன் சுதந்திரம், சட்டம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுள் சிந்திக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், ஆகையால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தனியாக மலையேறுகிறவனிடத்தில் அந்த வாதத்துக்கு ஓரளவு பலம் இருக்கலாம். கேனோ படகில் இருவர். ஒருவன் விழுந்தால் பெரும்பாலும் மற்றவனும் விழுவான். அடுத்த படகில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டு போய்விடமாட்டார்கள்; தங்களையும் அபாயத்துக்கு ஆளாக்கிக்கொண்டு அவனை நோக்கிப் படகைத் திருப்புவார்கள். கிராமத்துத் தீயணைப்புத் தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டு எழுந்து, அதே குளிர்ந்த நீருக்குள் இறங்கித் தேடுவார்கள். எனவே, ஜாக்கெட் அணியாதவன் பணயம் வைப்பது தன் உயிரை மட்டுமல்ல. தன்னைக் கைவிட மாட்டாத எல்லோருடைய உயிரையும்.

என்றாலும், சட்டத்தைவிட நான் அதிகம் நம்புவது நண்பர்களை. காவலர் ஒருவர் எப்போதாவது ஒரு துறையில் நிற்பார். நண்பன் எப்போதும் கூடவே இருக்கிறான். ஆனால் நம் சமூகத்தில், சேர்ந்து புறப்பட்ட நாலு பேர் உற்சாகமாக இருக்கும்போது, ஒருவன் குறுக்கிட்டு, "இன்னைக்கு மட்டம் அதிகமா இருக்கு, வேண்டாம்" என்று சொல்வது எத்தனை கஷ்டமான காரியம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெகுதூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். படகுக்குப் பணம் கட்டியாயிற்று. லீவு மறுபடி கிடைக்காது. பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்களோ, அல்லது அதைவிட மோசமாக, எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற சங்கோசம் வேறு. இந்தத் தாட்சண்யம் நம்மிடையே கல்யாண வீட்டிலும் கடன் கேட்கிற இடத்திலும் செய்கிற தீங்கு பிறகு சரிக்கட்டக்கூடியது. குளிர்ந்த ஆற்றில் அதற்கு அவகாசமில்லை. எங்கள் மூத்தவரின் மேன்மை, அவர் வெப்பமானி கொண்டுவந்ததில் இல்லை. சிரிப்பு அடங்கும் வரை தாம் சிரிக்காமல் நின்றதில் இருக்கிறது. தம்பி அன்று அவர்மேல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். அதற்கும் அவர் தயாராகத்தான் இருந்தார்.

தாய் தந்தையரும் மாமன் சித்தப்பாவும் அருகில் இல்லாத தூர தேசத்தில், "டேய், போகாதே" என்று அதட்டும் உரிமை யாருக்குமே இல்லாமற் போய்விடுகிறது. அந்த உரிமையைச் சிநேகிதர்கள்தாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் புறப்படுமுன்பே, அனுபவமுள்ள ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டு, துறையில் அவர் சொல்வதே முடிவு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு மறுக்கிறவன் கெட்டவனாகத் தோன்றமாட்டான். மாற்றுடை ஒன்றை நீர்புகாத பையில் கட்டிப் படகோடு பிணைத்து எடுத்துப் போக வேண்டும். விழுந்தவனை மீட்டபின், ஈரத்தைக் களைந்து, சூடு போர்த்தி, படுக்க வைக்க வேண்டும். உடம்பைத் தேய்ப்பதும் ஓடச் சொல்வதும் மது கொடுப்பதும் தீங்கு. ஓடும் நீரில் விழுந்தவன் எழுந்து நிற்க முயலலாகாது. பாறைச் சந்தில் கால் சிக்கினால் ஆறு அவனை முன்னால் தள்ளி மூழ்கடித்துவிடும். மல்லாந்து, பாதங்கள் கீழ்நோக்கியிருக்க மிதந்து வர வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவையும் சித்திரைத் திருநாளையும் அவை சிறப்பாகவே நடத்துகின்றன. சித்திரைத் திருநாள் வருவது ஏப்ரல் நடுவில், ஆற்றுக்குப் போகும் ஆசை கிளம்பும் அதே வாரத்தில்; ஒரு நாள் உள்ளூர் நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து, ஜாக்கெட் அணிந்து கவிழ்ந்து, மிதந்து, மறுபடி படகைப் பற்றும் பயிற்சியை, இளைஞர்களுக்கு மட்டுமின்றி ஊரிலிருந்து பேரக்குழந்தைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களுக்கும் அந்தச் சங்கங்கள் அளிக்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை நதியின் மட்டத்தை நாள் முழுதும் அளந்து வெளியிடுகிறது, சில இடங்களில் நீரின் வெப்பநிலையையும் சேர்த்தே. ஆகவே, படகு வாடகைக்கு விடுகிறவர்கள் வானிலையை எழுதி வைக்கும் பலகையிலே, அதே அளவு எழுத்தில், அன்றைய நீரின் வெப்பநிலையையும் பாரிவில் மட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும்; பிரயாணத்துக்கு ஆள் சேர்க்கும் நம் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிலே, சாப்பாடு யார் கொண்டுவருவது என்பதற்கு முந்தின வரியில் அந்த இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.